கூரையோடு வாங்கும் கடன்

காணி வாங்கும் தமிழர் அவதானமற்றவர் என்று எவரும் குற்றஞ்சாட்ட முடியாது. எல்லைக் கற்களை நடந்து பார்க்கின்றனர். கிணற்று நீரைச் சுவைத்துப் பார்க்கின்றனர். வழிவாய்க்கால் உரிமையும் கிணற்றுப் பங்கும் பயன்தரு மரங்களும் உறுதியிலே பிழையின்றி எழுதப்பட்டுள்ளனவா என நொத்தாரிசைக்கொண்டு இருமுறை வாசிப்பிக்கின்றனர். இத்துணை விழிப்புடையோர், அக்காணியில் நிற்கும் பழைய வீட்டின் கூரை எப்பொருளாலானது, அதை இடிக்கும்போது எழும் தூசி எத்தகையது என்னும் வினாவை மட்டும் எழுப்புவதில்லை. "பழைய சீற்றுத்தானே, நாலு கூலியாளை விட்டால் ஒரு நாளில் தட்டிக் கொட்டிவிடலாம்" என்பதோடு அவ்விடயம் முடிந்துவிடுகிறது.

அங்கே அது முடிவதில்லை என்பதை எடுத்துரைப்பதே இவ்வாரத் தலையங்கத்தின் நோக்கம். அஸ்பெஸ்ரோஸ் எனப்படும் கல்நார் கலந்த கூரையுடைய வீட்டை வாங்குபவர், உறுதியில் எழுதப்படாத கடனொன்றையும் உடன் வாங்குகின்றார். அக்கடனை அவர் பணத்தாலும் கவனத்தாலும் தீர்த்தல் வேண்டும். தவறின், அது கூரையேறும் கூலியாளின் நெஞ்சிலும் அயல்வீட்டுக் குழந்தையின் நெஞ்சிலும் இறங்கி, இருபது முப்பது ஆண்டுகளின் பின் முதலும் வட்டியுமாக அறவிடப்படும்.

இது எங்கோ தொலைநாட்டில் நிகழும் செய்தியன்று. வெள்ளவத்தையிலே தனிவீடுகள் இடிக்கப்பட்டு மாடிமனைகள் எழுகின்றன. அவற்றை வாங்குவோரிலும் கட்டுவோரிலும் எம்மவர் பலர். போரினால் கைவிடப்பட்ட குடாநாட்டு வீடுகளைக் கடல்கடந்த உறவினரின் பணத்தைக்கொண்டு வாங்கித் திருத்துவோர் உளர். அவ்வாறு கழற்றப்பட்ட பழைய சீற்றுகளை மலிவு விலைக்கு வாங்கி மாட்டுக்கொட்டிலும் கோழிக்கூடும் அமைக்கும் கமக்காரரும் உளர். ஆதலின் நகரத்து உத்தியோகத்தருக்கும் கிராமத்து உழவருக்கும் இது பொதுவான விடயமேயாம்.

முதலில் பொருளின் இயல்பை அறிதல் நன்று. கல்நார் நிலத்திலே வெட்டியெடுக்கப்படும் ஒரு கனிப்பொருள். அது எரியாது, உக்காது, அமிலத்துக்கும் எளிதிற் கரையாது. பஞ்சு போலப் பிரிக்கலாம். நூல் போல நூற்கலாம். 1901 ஆம் ஆண்டிலே ஒஸ்திரியரான லுட்விக் ஹட்செக், கல்நாரைச் சீமெந்தோடு சேர்த்துத் தகடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நித்தியமானது என்னும் பொருள்தரும் பெயரை அத்தகட்டுக்குச் சூட்டினார். கூரைச் சீற்றிலே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கல்நார். எஞ்சியது பெரும்பாலும் சீமெந்து. ஓட்டுக் கூரைக்கு வேண்டிய அளவு மரம் இதற்கு வேண்டியதில்லை. உப்புக் காற்றிலே தகரம் துருப்பிடிப்பதைப் போல இது துருப்பிடிப்பதில்லை. விலையும் குறைவு. எனவே, இதைக் கூரையாக்கிய ஏழைகளை எவரும் பழிக்க வேண்டியதில்லை. கிடுகு வேயவோ ஓடு போடவோ இயலாதவர்களுக்கு அன்று இது ஒரு வரமாகவே தோன்றியது.

ஆயின் அத்தகட்டை உடைக்கும்போதும், வாளால் அறுக்கும்போதும், துளையிடும்போதும், கண்ணுக்குப் புலனாகாத நார்கள் காற்றிலே கலக்கின்றன. அவை மணிக்கணக்காக மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடியாழம்வரை செல்லும். அங்கே கரைவதுமில்லை, உடலினால் முற்றாக வெளியேற்றப்படுவதுமில்லை. காலப்போக்கில் நுரையீரல் தழும்பேறி இறுகுவது ஒரு நோய். நுரையீரற் புற்றுநோய் மற்றொன்று. நுரையீரலையும் வயிற்றறையையும் போர்த்திருக்கும் சவ்விலே தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் மிகக் கொடிய மூன்றாவது. குரல்வளையிலும் சூலகத்திலும் தோன்றும் புற்றுநோய்களுக்கும் கல்நார் காரணமாவதுண்டு. புகைபிடிப்போர் இத்தூசியையும் சுவாசிப்பின் நுரையீரற் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகும். வெண்மை, நீலம், பழுப்பு ஆகிய எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவையே என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்ப்பு. தொழிலிடத்துக் கல்நாரினால் ஆண்டுதோறும் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மடிகின்றனர் என்பதும் அந்த ஸ்தாபனத்தின் மதிப்பீடேயாம்.

இந்நோய்களின் வஞ்சகம் யாதெனில், அவை உடனே தோன்றுவதில்லை. இன்று தூசியை உண்டவன் நாளை நலமாகவே வேலைக்குச் செல்வான். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளின் பின்னரே மூச்சு முட்டத் தொடங்கும். அப்பொழுது அவன் எந்த வீட்டுக் கூரையை உடைத்தான் என்பதை அவனே மறந்திருப்பான். வீட்டுக்காரரோ நினைத்தும் பாரார். கொலை நிகழ்ந்தும் கொலையாளி இல்லாத விந்தையான நிலை இது.

இவை நேற்று அறியப்பட்ட உண்மைகளல்ல. இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கேர்ஷோ என்னும் பெண் தொழிலாளி 1924 ஆம் ஆண்டில் தமது 33 ஆவது வயதில் மரணமானார். அவரது நுரையீரலைச் சோதித்த வைத்தியர் வில்லியம் குக், அங்கே கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ ஏட்டிலே எழுதினார். 1931 இல் பிரித்தானிய அரசாங்கம் கல்நார்த் தொழிற்சாலைகளுக்குத் தூசிக் கட்டுப்பாட்டு விதிகளை ஆக்கிற்று. 1960 இல் வாக்னர் என்பவரும் அவர்தம் துணைவரும் தென்னாபிரிக்காவின் கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து 33 மீசோதீலியோமா நோயாளரைப் பற்றி அறிவித்தனர். அவர்களுட் சிலர் சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்தவரல்லர். அதன் அயலில் வாழ்ந்ததே அவர்கள் செய்த குற்றம். அயலவருக்கு என்ன ஆபத்து என்று கேட்போர் இதை நினைவிற் கொள்வாராக.

பிரித்தானியா நீலக் கல்நாரையும் பழுப்புக் கல்நாரையும் 1985 இலும், வெண்கல்நாரை 1999 இலும் தடைசெய்தது. ஆயினும், அந்நாட்டிலே ஆண்டொன்றுக்குச் சுமார் 5,000 பேர் முற்காலத்துக் கல்நார்த் தூசியினால் இறந்து வந்துள்ளனர். அவ்வாறு இறந்தோரில் தச்சரும், குழாய் பொருத்துநரும், மின்தொழிலாளரும், கட்டட வேலையாளரும் பெருந்தொகையினர். தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும், கட்டடத்தைத் திருத்துவோரையும் இடிப்போரையும் கல்நார் தொடர்ந்து பலிகொள்ளும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இனி எமது நாட்டின் கதையை நோக்குவோம். சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் ஆட்சியிலே, 2018 சனவரி முதல் கல்நார் இறக்குமதி நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. நல்ல அறிவிப்பென்று மருத்துவர் மகிழ்ந்தனர். 2017 டிசெம்பர் மாதத்திலே, இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதெனக் கூறி, இலங்கைத் தேயிலை இறக்குமதிக்கு ரஷ்யா தடை விதித்தது. இலங்கைத் தேயிலையைப் பெருமளவில் வாங்கும் நாடுகளுள் ரஷ்யா ஒன்று. கல்நாரை உலகுக்கு மிகுதியாக விற்கும் நாடும் அதுவே. கொழும்பு அரசாங்கம் கல்நார்க் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. அவ்வாண்டு முடியுமுன்னரே ரஷ்யாவின் தேயிலைத் தடையும் நீங்கிற்று. வண்டுக்கும் கல்நாருக்கும் என்ன தொடர்பு என்று நாம் விளக்க வேண்டியதில்லை, வாசகர் அறிவர்.

அத்தேயிலை யாருடைய வியர்வையில் விளைந்தது? மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வியர்வையில் அன்றோ! சந்தை மூடப்படின் முதலிற் பட்டினி கிடப்போரும் அவர்களே. ஆகவே, அன்று அரசாங்கம் அஞ்சியதில் நியாயம் சிறிதும் இல்லையென்று கூறமாட்டோம். ஆயின் ஒரு தொழிலாளியின் சோற்றைப் பணயம் வைத்து இன்னொரு தொழிலாளியின் மூச்சை விலைபேசும் வாணிபத்துக்கு ஓர் அரசாங்கம் இணங்கியது என்பது வரலாற்றில் நிற்கும். ஒரே சந்தையை நம்பிப் பொருளாதாரத்தை அமைப்போரும், ஒரே நாட்டிடம் கூரையை வாங்குவோரும், ஈற்றிலே தம் மக்களின் உடல்நலத்தைப் பற்றித் தாமே தீர்மானிக்கும் உரிமையையும் இழப்பர்.

கல்நார் வணிகரின் மறுமொழியையும் நாம் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சீமெந்திலே இறுகப் பிணிக்கப்பட்ட வெண்கல்நார் வெளியே பறவாது, ஆகவே அபாயமில்லை என்பர். முழுதாக, நல்ல நிலையில், தொடப்படாமல் இருக்கும் சீற்றிலிருந்து நார்கள் பெருமளவில் வெளிப்படுவதில்லை என்பது மெய்யே. இதனால், தன் வீட்டுக் கூரை கல்நாரென்று அறிந்த ஏழை இன்றிரவே உறக்கமிழக்க வேண்டியதில்லை. அவசரப்பட்டு அதைக் கழற்றவும் வேண்டியதில்லை. எனினும், நித்தியமான கூரை உலகில் இல்லை. அடிக்கும் போதே அறுக்கின்றனர்; ஆணிக்குத் துளையிடுகின்றனர். தேங்காய் விழுந்து உடைகிறது. வெயிலும் மழையும் மேற்பரப்பை அரிக்கின்றன. 2004 இல் ஆழிப்பேரலையும், பல்லாண்டுகளாகப் போரும் எத்தனை கூரைகளைத் தூளாக்கின! ஈற்றில், புதிய உரிமையாளர் வந்து சம்மட்டியைக் கொடுத்து ஆட்களைக் கூரையில் ஏற்றுகின்றார். வணிகரின் வாதம் அந்த நாளிலே உடைந்துபோகிறது.

எனவே, இறக்குமதித் தடை நாளையே வந்தாலும், தலைக்கு மேலே ஏற்கெனவே உள்ள கூரைகளின் கேள்வி தீராது. அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியோர் வாங்குபவரும், இடிப்பவரும், அனுமதி வழங்குபவருமே.

வாங்குபவர் செய்ய வேண்டியன யாவை? விலை பேசுமுன்னர் கூரையை மட்டுமன்றி, உட்கூரைத் தட்டைத் தகடுகள், பீலிகள், புகைபோக்கிக் குழாய்கள், பழைய தண்ணீர்க் குழாய்கள், தாங்கிகள், மலசலகூடக் கூரை, பின்வளவிலே அடுக்கிக் கிடக்கும் உடைந்த துண்டுகள் அனைத்தையும் பார்த்தல் வேண்டும். கல்நார் கலவாத நார்ச்சீமெந்துத் தகடுகளும் அதே தோற்றத்தில் விற்பனையாவதனால், கண்ணாற் கண்டு அறுதியிட எவராலும் இயலாது. ஆய்வுகூடத்தில் நுண்நோக்கியாற் சோதித்தே தெளிய முடியும். சோதித்தறியும்வரை அதைக் கல்நாரென்றே கொண்டு நடத்தல் அறிவுடைமை. பிரித்தானியாவிலே கட்டடமொன்றை இடிக்குமுன்னரும் பெரிதாகத் திருத்துமுன்னரும் அதற்கென வேறான கல்நார் ஆய்வு நடத்தல் வேண்டும். சுவரின் உள்ளும் தரையின் கீழும் திறந்து பார்க்கும் ஆய்வு அது. எம் நாட்டுப் பொறியியலாளரும் மதிப்பீட்டாளரும் தமது அறிக்கைகளில் இதற்கென ஒரு பந்தியேனும் எழுதும் வழக்கத்தைத் தாமே தொடங்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அகற்றும் செலவைக் கணக்கிட்டு விலையிற் கழிக்குமாறு கேட்பதும், அதை விற்பனை உடன்படிக்கையில் எழுதுவிப்பதும் வாங்குபவரின் உரிமை. நொத்தாரிசுமாரும் இதைத் தம் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்லல் நன்று.

வேலை நடக்கும் நாளில் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் பின்வருவன. சீற்றை உடையாது முழுதாகக் கழற்றல் வேண்டும். முதலிலே நீரால் நன்றாக நனைத்தல் வேண்டும். நீரிலே சிறிது பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் கலப்பின் ஈரம் நன்கு பற்றும். விசையோடு பாயும் நீரால் அடித்தல் ஆகாது. அது நாரைப் பெயர்த்துவிடும். கொழுக்கி ஆணிகளின் சுரையைத் திருகிக் கழற்றுக. துருப்பிடித்திருப்பின் ஆணியை வெட்டுக. சீற்றை அடித்து நொறுக்கற்க. கழற்றியதை மேலிருந்து எறியாது கைமாற்றி இறக்குக. நனைந்து முதிர்ந்த சீற்று மனிதரின் பாரத்தைத் தாங்காது. கூரையில் மிதித்து வீழ்ந்து இறந்தோரும் உளர். ஆதலாற் பலகையிட்டோ, கீழிருந்து சாரங்கட்டியோ வேலை செய்விக்க வேண்டும். வேலையாளுக்குத் துணிமுகமூடி போதாது. நுண்துகளைத் தடுக்கும் எவ்.எவ்.பி.3 தரத்து முகமூடி, முகத்தோடு இறுகப் பொருந்தியதாய் வேண்டும். அன்றைய ஆடையோடு அவர் வீடு திரும்புதல் ஆகாது. கணவரின் வேலையுடுப்பைத் துவைத்ததினாலேயே நோயுற்ற மனைவியரைப் பற்றி மருத்துவ ஏடுகள் கூறுகின்றன. தரையிற் சிந்தியதைத் தும்புத்தடியால் உலரப் பெருக்கற்க, ஈரத்துணியால் ஒற்றியெடுக்க. அயல்வீட்டாருக்கு முன்கூட்டி அறிவித்துக் கதவு யன்னல்களைச் சாத்தச் சொல்லுக. வளவினுள்ளே சிறுவர் எவரும் இருத்தலாகாது.

கழிவை என் செய்வது? தடித்த பொலித்தீனால் இருமடியாகச் சுற்றி, கல்நாரென்று பெரிதாக எழுதி, உள்ளூராட்சி மன்றத்திடம் அறிவித்து, அது காட்டும் இடத்திலே ஆழக் குழிதோண்டிப் புதைத்தல் வேண்டும். எரித்தல் பயனற்றது, கல்நார் எரியாது, சூடேறிய சீற்று வெடித்துச் சிதறும். பாழ்கிணற்றிற் கொட்டுதல், ஒழுங்கையின் பள்ளத்தை நிரப்புதல், வேலிக்கு அண்டை கொடுத்தல், அத்திவாரத்துக்கு உடைகல்லாக இடுதல் யாவும் தவிர்க்கத்தக்கன. ஒழுங்கையில் இட்ட துண்டு ஒவ்வொரு வண்டிச் சில்லின் கீழும் மீண்டும் மீண்டும் அரைபடும். கமக்கார நண்பர்களுக்குச் சிறப்பாக ஒன்று கூறுவோம்: மலிவென்று பழைய சீற்றை வாங்கி அறுத்துக் கொட்டில் போடாதீர்கள். அதிலே மிச்சம் பிடிக்கும் பணம் வைத்தியசாலைச் செலவுக்குக் காணாது.

இவையெல்லாம் செலவு தருவன என்பதை நாம் அறிவோம். ஆயின் பல இலட்சம் கொடுத்துக் காணி வாங்கி, அதனினும் பெருந்தொகையில் வீடெழுப்ப முன்வருபவர், முகமூடிக்கும் பொலித்தீனுக்கும் இரண்டொரு நாள் மேலதிகக் கூலிக்கும் பணமில்லை என்று சொல்வது அறமாகாது. கூரையேறுபவர் நாட்சம்பளத்துக்கு வந்தவர். அபாயம் யாதென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அறிந்தவர் சொல்லாதிருப்பது பெரும் பாவம்.

இறுதியாக, எமது மன்றங்களுக்கு ஒரு சொல். அதிகாரம் எம்மிடம் இல்லையென்னும் முறையீட்டை நாம் இடைவிடாது எழுப்பி வருகிறோம். அது நியாயமான முறையீடு. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒற்றோபரில் முடிந்தபின் உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படாமையே அதற்குச் சான்று. ஆயின் 2025 மே மாதத்திலே எமது மக்கள் வாக்களித்து உள்ளூராட்சி மன்றங்களைத் தேர்ந்தெடுத்தனர். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அச்சபைகளுக்குத் துணைவிதி ஆக்கும் வழியைத் தந்திருக்கிறது. கட்டட அனுமதியும் கழிவகற்றலும் அவற்றின் கையிலேயே உள்ளன. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட விண்ணப்பிப்போர் கல்நார் உண்டா என்று எழுதித் தருதல் வேண்டும். உண்டெனின் அகற்றும் முறையையும் கூற வேண்டும் என விண்ணப்பப் படிவத்திலே இரு வரிகளைச் சேர்க்கக் கொழும்பின் கட்டளை வேண்டுமா? கல்நார்க் கழிவுக்கென ஓர் இடத்தை ஒதுக்கி வேலியிட்டு அறிவிப்புப் பலகை நாட்டுவதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டுமா? தமது துப்புரவுத் தொழிலாளருக்கு உரிய முகமூடியை வாங்கிக் கொடுப்பதற்கு எவருடைய சம்மதம் வேண்டும்? கையிலுள்ள சிறிய அதிகாரத்தை மக்களின் நலனுக்காகச் செவ்வனே செலுத்திக் காட்டுவோரே பெரிய அதிகாரத்தைக் கேட்கும்போது வலிமையோடு கேட்க முடியும்.

மத்திய அரசாங்கத்தின் கடமையும் தெளிவானது. கைவிட்ட தடையை, நாள் குறித்துப் படிப்படியாக நிறைவேற்றுதல் வேண்டும். மாற்றுக் கூரைப்பொருளை ஏழைக்கு எட்டும் விலையிற் கிடைக்கச் செய்தல் வேண்டும். நுரையீரல் நோயாளர் ஒவ்வொருவரிடமும் அவர் செய்த தொழில்களைக் கேட்டுப் பதிவுசெய்யும் முறையை வைத்தியசாலைகளிலே நிலைநாட்ட வேண்டும். பதிவில்லாத மரணத்துக்கு நிவாரணமும் இல்லை, நீதியும் இல்லை.

இவை நடக்கும்வரை வாசகர் வாளாவிருக்க வேண்டியதில்லை. பழைய வீடொன்றை வாங்க எண்ணியிருப்போர், எல்லையையும் கிணற்றையும் பார்த்த பின், ஒருமுறை தலைநிமிர்ந்து கூரையையும் பார்ப்பாராக. அதை இறக்க வரும் மனிதரின் பெயரையும், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும் கேட்டறிவாராக. பின்னர் அவர் கையிலே சம்மட்டியைக் கொடுப்பதா, முகமூடியைக் கொடுப்பதா என்பதை அவரவர் மனச்சாட்சியே தீர்மானிக்கட்டும்.